கணினிச் செயலியின் விரிந்த பதிவகங்களும் இயங்குதளத்தின் காவலும்

முன்னுரை

கெடா மாநிலத்தின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் உள்ள சிற்றூர் செர்டாங். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள், பெற்றோரின் பால்வாளியையும் உளியையும் விடுத்து, கூலிமிலும் பினாங்கிலும் உள்ள மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிப் போகத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை 1972ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. செயலிகளை உறையிட்டுச் சோதிக்கும் பணி இங்கு நடைபெற்றதால், உலகின் எத்தனையோ கணினிகளுக்குள் இருக்கும் செயலியின் உலோக மூடியில் 'மலாய்' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருந்தது. அம்மூடியைக் கையால் தொட்டுச் சோதித்தவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

ஆயினும், அந்த மூடிக்குள் நடப்பது என்ன என்பதைத் தமிழில் எடுத்துரைக்கும் எழுத்துகள் நம்மிடையே மிகச் சிலவே. கணினித்தமிழ் என்றவுடன் எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். செயலியின் உள்ளுறுப்பு, இயங்குதளத்தின் அகவேலை ஆகியவை ஆங்கிலத்தில் மட்டுமே பேசத்தக்கவை என்னும் எண்ணம் ஆசிரியரிடையேயும் உண்டு. இவ்வெண்ணம் சரியா எனப் பார்ப்பதற்குக் கடினமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். செயலியின் விரிந்த பதிவகங்களில் உள்ளதை இயங்குதளமும் மெய்நிகர் இயந்திரமும் எவ்வாறு காத்துக் கைமாற்றுகின்றன என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் பொருளாகும்.

பதிவகமும் கைமாற்றமும்

செயலி கணக்கிட வேண்டிய எண்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டே கணக்கிடுவதில்லை. அவற்றைத் தன் உள்ளேயே இருக்கும் சில சிறிய இடங்களுக்குக் கொண்டுவந்து, அங்கே கூட்டிக் கழித்து, முடிவை மீண்டும் நினைவகத்திற்கு அனுப்புகிறது. இவ்விடங்களே பதிவகங்கள். பதிவேடு என்றால் நம் மாணவர்க்குப் பள்ளி வருகைப் பதிவேடே நினைவில் எழும். பதிவி என்னும் சொல்லும் சிலரால் ஆளப்படுகிறது. இடம் என்னும் பொருள் சொல்லிலேயே தோன்றுவதால் பதிவகம் என்பதையே நாம் கொள்கிறோம்.

இன்றைய மேசைக்கணினிகளிலும் வழங்கிகளிலும் பெருவழக்காக உள்ள எக்ஸ்86 குடும்பத்துச் செயலியின் 64-பிட் வடிவில் பொதுப் பதிவகங்கள் 16. ஒவ்வொன்றும் 8 பைட்டு. ஆக 128 பைட்டு. ஒரு செயலியின் ஓர் உட்கருவில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே ஓடுகிறது. ஆயினும் நாம் இசை கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிறோம். இடையே மின்னஞ்சலும் வந்து சேர்கிறது. இயங்குதளம் ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவிட்டு, நொடிக்குப் பன்முறை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் இது கூடுகிறது. இதனைச் சூழல் மாற்றம் என்பர்.

தொழிற்சாலையில் பணிபுரிந்தவர்க்கு இது புதிதன்று. ஒரே மேசையில் காலை ஷிப்டுக்காரர் ஒருவர், மாலை ஷிப்டுக்காரர் ஒருவர். மணி அடித்தவுடன் முன்னவர் தம் அரைகுறை வேலையை ஒரு தட்டில் எடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பின்னவர் தம் தட்டை எடுத்து, நேற்று விட்ட நிலையிலேயே மேசையில் பரப்பிக்கொள்ள வேண்டும். தட்டு மாறினால் இருவர் வேலையும் கெடும். செயலியின் பதிவகங்களே இம்மேசை; நினைவகமே அலமாரி; மேற்பார்வையாளர், இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தொழிலாளிக்கு ஷிப்டு முடிந்தது தெரியும். நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது, தெரியவும் கூடாது. இரண்டு எண்களைப் பதிவகத்தில் வைத்து, அவற்றைக் கூட்டுவதற்கு முன்னரே அது நிறுத்தப்பட்டிருக்கலாம். மீண்டும் ஓடும்போது அவ்விரண்டு எண்களும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தாக வேண்டும்.

பதிவகங்கள் விரிந்த கதை

128 பைட்டு அளவிலேயே காரியம் நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. 1980இல் இன்டெல் நிறுவனம் 8087 என்னும் துணைச்செயலியை வெளியிட்டது. பின்ன எண் கணக்கிற்கென்றே அமைந்த தனிச் சில்லு அது. 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்களைக் கொண்டது. அதன் நிலையைச் சேமிப்பதற்குப் பின்னாளைய 32-பிட் முறையில் 108 பைட்டு தேவைப்பட்டது.

1997இல் வந்த எம்.எம்.எக்ஸ். என்னும் நீட்சி நம் கவனத்திற்குரியது. ஒரே கட்டளையால் பல எண்களை ஒருங்கே கணக்கிடும் வசதியை அது தந்தது. ஆனால் அதற்கெனப் புதிய பதிவகங்களை வைக்கவில்லை; 8087 வழிவந்த எட்டுப் பதிவகங்களின் மேலேயே ஏற்றிவைத்தனர். காரணம் எளியது. புதிய பதிவகம் வைத்தால், அதனை அறியாத பழைய இயங்குதளம் சூழல் மாற்றத்தின்போது அதனைச் சேமிக்காது. பழைய பதிவகத்தின் மேலேயே ஏற்றினால், இயங்குதளம் தன்னையறியாமலே அதனையும் சேமித்துவிடும். இயங்குதளத்தை எழுதுவோரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் சில்லை விற்பதற்குக் கண்ட வழி இது. இதன் விலையை நிரலர்கள் கொடுத்தனர். பின்ன எண் கணக்கையும் எம்.எம்.எக்ஸ். கட்டளையையும் தாராளமாகக் கலந்து எழுத அவர்களால் இயலவில்லை.

1999இல் பென்டியம் 3 செயலியுடன் வந்த எஸ்.எஸ்.இ. நீட்சி இவ்வொட்டுவேலையைக் கைவிட்டது. 128 பிட் அகலமுள்ள எட்டுப் புதிய பதிவகங்கள் உண்மையாகவே சேர்க்கப்பட்டன. பழையனவும் புதியனவும் சேர்ந்த நிலையைச் சேமிக்க 512 பைட்டுப் பரப்பு ஒன்றும், அதனை நிரப்பும் எப்.எக்ஸ்.சேவ் என்னும் கட்டளையும் பயன்பட்டன. 'இப்பதிவகங்களை நான் அறிவேன், சேமிப்பேன்' என இயங்குதளம் கட்டுப்பாட்டுப் பதிவகம் ஒன்றில் ஒரு பிட்டை ஏற்றி அறிவித்தால்தான் எஸ்.எஸ்.இ. கட்டளைகள் இயங்கும். செயலிக்கும் இயங்குதளத்திற்கும் இடையே இத்தகைய ஒப்பந்தம் வேண்டும் என்னும் கருத்து இங்கே உறுதிப்பட்டது.

இவ்வொப்பந்தத்தின் வளர்ந்த வடிவமே எக்ஸ்சேவ் கட்டளைத் தொகுதி. பதிவகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் கொடுத்தனர். எக்ஸ்.சி.ஆர்.0 என்னும் சிறப்புப் பதிவகத்தில் எந்தெந்த எண்ணுக்குரிய பிட்டுகளை இயங்குதளம் ஏற்றுகிறதோ அந்தத் தொகுதிகள் மட்டுமே நிரல்களுக்குத் திறக்கப்படும். சேமிப்புப் பரப்பில் பழைய 512 பைட்டை அடுத்து 64 பைட்டுத் தலைப்பு. அதன்பின் ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய இடம். எந்தத் தொகுதி எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட்டு என்பனவற்றைச் சி.பி.யூ.ஐ.டி. என்னும் கட்டளையின் வழியாகச் செயலியிடமே கேட்டறிய வேண்டும்.

கேட்டறிவது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. நிரலர் பலர் அதனைச் செய்வதில்லை. ஏ.வி.எக்ஸ். நீட்சி 2011இல் சந்தைக்கு வந்தபோது, செயலியில் வசதி உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, இயங்குதளம் அதனைத் திறந்துள்ளதா எனப் பாராத நிரல்கள் பழைய இயங்குதளங்களில் வீழ்ந்தன. விண்டோஸ் 7 அதற்கான ஆதரவைத் தன் முதல் சேவைத் தொகுப்பின்வழி 2011இல்தான் பெற்றது. லினக்சு 2.6.30 பதிப்பிலேயே, அதாவது 2009இலேயே, அச்சில்லு கடைக்கு வருமுன் அணியமாக இருந்தது.

இனி அளவுகளைக் காண்போம். ஏ.வி.எக்ஸ். பதிவகங்களை 256 பிட்டாக அகலப்படுத்தியது. மேற்பாதிகள் 16க்கும் 256 பைட்டு. ஆக மொத்தம் 512, 64, 256 சேர்ந்து 832 பைட்டு. ஏ.வி.எக்ஸ்.-512 பதிவகத்தை 512 பிட்டாக அகலப்படுத்தியதோடு எண்ணிக்கையையும் 16இலிருந்து 32 ஆக்கியது. இன்டெலின் வழங்கிச் செயலிகளில் சேமிப்புப் பரப்பு 2,696 பைட்டுக்கு உயர்ந்தது. அணிக்கணிதத்திற்கென வந்த ஏ.எம்.எக்ஸ். எட்டு 'ஓடு'களைக் கொண்டது. ஓடு ஒவ்வொன்றும் 1,024 பைட்டு. அதனையும் சேர்த்தால் பரப்பு 11,008 பைட்டு. தொடக்கத்தில் கண்ட 128 பைட்டுடன் ஒப்பிட்டால் சரியாக 86 மடங்கு. ஷிப்டு மாறும்போது எடுத்து வைக்க வேண்டியது இப்போது தட்டன்று, ஒரு வண்டிச் சுமை.

தமிழ் எழுத்தும் அகன்ற பதிவகமும்

இவ்வகன்ற பதிவகங்கள் அறிவியல் ஆய்வுக்கூடங்களுக்கே உரியவை, நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். யூ.டி.எப்.-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு; தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. 'க' மூன்று பைட்டு. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்ததாதலால் ஆறு பைட்டு. ஓர் உரை செவ்வையான யூ.டி.எப்.-8 தானா எனச் சோதிப்பதும் வேறு குறிமுறைக்கு மாற்றுவதும் உலாவியும் வழங்கியும் ஓயாது செய்யும் வேலைகள். பைட்டு பைட்டாகப் பார்த்தால் தமிழுரைக்கு அதிக நேரம் பிடிக்கும். 64 பைட்டு அகலமுள்ள ஒரு பதிவகத்தில் 21 தமிழ்க் குறியெண்கள் முழுமையாக அடங்கும். ஒரே வீச்சில் சோதிக்கலாம். நோட்.ஜே.எஸ். சூழல் பயன்படுத்தும் சிம்ட்யூடிஎப் நூலகம் இவ்வாறே அகன்ற பதிவகங்களைக் கொண்டு இவ்வேலையைச் செய்கிறது. அதைவிட அடிப்படையாக, நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு உரையைப் படியெடுக்கும் நூலகச் செயற்கூறுகளும் இப்பதிவகங்களையே கையாளுகின்றன. எனவே இன்று ஏறத்தாழ எல்லா நிரல்களும் இவற்றைத் தொடுகின்றன. இவ்வுண்மை அடுத்து வரும் செய்திக்கு மிக வேண்டியது.

சோம்பல் முறையும் அதன் வீழ்ச்சியும்

பின்ன எண் கணக்கை அரிதாகவே நிரல்கள் செய்த காலத்தில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அப்பதிவகங்களை எடுத்து வைப்பது வீண் என இயங்குதள அறிஞர் கருதினர். ஆகவே ஒரு தந்திரம் கையாளப்பட்டது. பொதுப் பதிவகங்களை மட்டும் மாற்றிவிட்டு, பின்ன எண் பதிவகங்களில் முன்னவரின் பொருளை அப்படியே விட்டுவிடுவது. கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் 'பூட்டு' ஒன்றை மட்டும் போட்டுவைப்பது. புதிய நிரல் அப்பதிவகத்தைத் தொட முயன்றால் செயலி விதிவிலக்கு ஒன்றை எழுப்பும். அப்போது கெர்னல் வந்து முன்னவரின் பொருளை எடுத்துவைத்துப் பின்னவரின் பொருளைப் பரப்பும். தொடவே இல்லையென்றால் வேலையே இல்லை. இதனைச் சோம்பல் முறை என்றே அழைத்தனர்.

நிரல்கள் எல்லாம் அகன்ற பதிவகங்களைத் தொடத் தொடங்கியபின் இக்கணக்கு தலைகீழாயிற்று. எப்படியும் விதிவிலக்கு எழப்போகிறது; அதனைக் கையாளும் செலவு, நேரே சேமித்துவிடும் செலவைவிட மிகுதி. ஆகவே லினக்சு 2016இல் வந்த 4.6 பதிப்பில் எல்லாச் செயலிகளுக்கும் உடனுக்குடன் சேமிக்கும் முறையையே இயல்பாக்கியது. விரைவை நோக்கி எடுத்த முடிவு அது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதுவே ஒரு காப்பாக அமையும் என்பதை அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

2018 சூன் மாதத்தில், அமேசானின் செருமானியப் பிரிவையும் சைபரஸ் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டறிந்த குறை ஒன்று வெளியாயிற்று. சோம்பல் மிதவைப்புள்ளி மீட்புக் குறை என அதனைக் கூறலாம். 2018-3665 என்னும் எண்ணில் அது பதிவாகியுள்ளது. இன்டெலின் கோர் வகைச் செயலிகள் ஒரு கட்டளை முடியும்வரை காத்திராமல் அடுத்தடுத்த கட்டளைகளை ஊகத்தின்பேரில் முன்கூட்டியே செய்துபார்ப்பவை. பூட்டிய பதிவகத்தை ஒரு நிரல் படிக்க முயன்றால், விதிவிலக்கு எழும் என்பது உண்மை. ஆனால் அது எழுவதற்கு முன்னரே, பூட்டியிருந்த பதிவகத்தில் கிடந்த முன்னவரின் மதிப்பைக் கொண்டு ஊகக் கட்டளைகள் சில ஓடிவிடும். அவற்றின் முடிவு பின்னர் அழிக்கப்பட்டாலும், பதுக்ககத்தில் எந்த இடம் தொடப்பட்டது என்னும் சுவடு எஞ்சும். அச்சுவட்டின் நேரத்தை அளந்து மதிப்பை அறிந்துகொள்ளலாம்.

மேசை இழுப்பறை பூட்டியிருக்கிறது. ஆனால் ஆட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒலிக்கிறது. அவ்வளவே. இழுப்பறையில் இருப்பது சாதாரணப் பொருளாயின் கவலையில்லை. ஏ.இ.எஸ். மறைகுறியாக்கக் கட்டளைகள் தம் திறவுகோல்களை வைப்பது இதே அகன்ற பதிவகங்களில்தான்! வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் காக்கும் திறவுகோல் பக்கத்து நிரலுக்குத் தெரிந்துவிடக்கூடும். ஒரே வழங்கியில் பலரின் மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும்போது, ஒருவரின் இயந்திரம் மற்றவரின் திறவுகோலை அறிய வழியுண்டாயிற்று. சென், விண்டோஸ், பி.எஸ்.டி. வகை இயங்குதளங்கள் ஆகியவற்றுக்குத் திருத்தங்கள் வெளிவந்தன. பழைய கெர்னலில் ஓடிய லினக்சு வழங்கிகளுக்கும் அவை தேவைப்பட்டன. புதிய லினக்சு ஏற்கெனவே சோம்பலை விட்டிருந்ததால் தப்பியது. சோம்பல் முறை இன்றும் சில பாடநூல்களில் சிக்கனத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 2018க்குப் பின் அதனை அவ்வாறு கற்பிப்பது பொருந்தாது என்பது நம் கருத்து.

எக்ஸ்சேவ் தொகுதிக்குள்ளேயே இதனினும் நல்ல சிக்கனம் உண்டு. 64 பைட்டுத் தலைப்பில், எந்தத் தொகுதி தொடக்க நிலையிலேயே உள்ளது என்பதைச் செயலி குறித்துவைக்கிறது. ஒரு நிரல் ஏ.எம்.எக்ஸ். ஓடுகளைத் தொடாதிருந்தால் அந்த 8,192 பைட்டை எழுதவேண்டியதில்லை. கடைசியாக ஏற்றியதிலிருந்து மாறாத தொகுதியை விட்டுவிடும் கட்டளை வடிவமும் உண்டு. பூட்டிவிட்டுப் போவதற்கும், வெற்றுத் தட்டு என எழுதிவைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வேறுபாடு இது.

2019ஆம் ஆண்டின் ஒரு பிழை

உடனுக்குடன் சேமிக்கும் முறையிலும் ஒரு சிறு குறிப்பு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு உட்கருவும் 'என் பதிவகத்தில் இப்போது கிடப்பது யாருடையது' எனக் குறித்துவைக்கும். அதே நிரலே திரும்பி வந்தால் மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. இக்குறிப்பைச் சுற்றியே 2019ஆம் ஆண்டின் பிழை எழுந்தது.

கெர்னல் ஒரு நிரலுக்குச் சைகை அனுப்பும்போது, அதன் பதிவகங்களை அந்நிரலின் அடுக்கிலேயே எழுதிவைக்கும். அவ்வடுக்கின் பக்கம் நினைவகத்தில் இல்லாதிருந்தால், அதனை வருவித்து மீண்டும் முயல வேண்டும். வருவிக்கும் இடைவெளியில் வேறு நிரல் அந்த உட்கருவில் ஓடியிருக்கலாம். அல்லது இந்நிரலே வேறொரு உட்கருவுக்கு மாறியிருக்கலாம். ஆகவே குறிப்பை மறுபடியும் படித்துப் பார்க்க வேண்டும். லினக்சு 5.2 பதிப்பில் எழுதப்பட்ட நிரல்வரிகளும் அதனைச் செய்வதாகவே தோன்றின. ஆனால் ஜி.சி.சி. 9 தொகுப்பி, 'இதன் மதிப்பு மாறாது' எனத் தானாக முடிவுகட்டி, முதலில் படித்ததையே மறுமுறையும் பயன்படுத்தியது. கெர்னல் எழுதியோர் அக்குறிப்பைப் படிக்க ஆண்ட முறையே அதற்கு அவ்வுரிமையைக் கொடுத்திருந்தது. விளைவு, பிறர் எண்கள் கிடக்கும் பதிவகத்தைத் தன்னுடையது என எண்ணி நிரல் தொடர்ந்து ஓடியது.

இத்தகைய பிழை உடனே வெளிப்படுவதில்லை. கணினி நிற்காது, எச்சரிக்கை வாராது. எங்கோ ஓர் எண் மாறியிருக்கும். கோ மொழியின் 1.14 பதிப்பை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் இதில் அகப்பட்டனர். அப்பதிப்பு தன் இழைகளை இடைநிறுத்துவதற்குச் சைகைகளைத் தாராளமாக அனுப்பியது. நினைவகத்தைத் துடைப்பதற்கும் படியெடுப்பதற்கும் அகன்ற பதிவகங்களை ஆண்டது. இவ்விரண்டும் கூடியதால், அரிதினும் அரிதாய் நிகழக்கூடிய பிழை அடிக்கடி நிகழ்ந்தது. நிரல்கள் காரணமின்றி வீழ்ந்தன. தம் மொழியிலேயே பிழை என முதலில் தேடி, பின்னரே கெர்னலில் அது இருப்பதைக் கண்டனர். லினக்சு 5.3.15, 5.4.2 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. திருத்தப்படாத கெர்னலில் ஓடுவோர்க்காகக் கோ குழுவினர், சைகை அடுக்கின் பக்கம் நினைவகத்தைவிட்டு நீங்காதபடி கட்டிவைத்தனர். பக்கம் இருந்தால் வருவிக்க வேண்டியதில்லை. வருவிக்காவிடில் இடைவெளியும் இல்லை.

அடுக்கில் இடம் போதாமை

சைகையின்போது பதிவகங்கள் நிரலின் அடுக்கிலேயே எழுதப்படுகின்றன என்றோம். அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பழைய நிரல்கள் ஒரு மாறா எண்ணாக வைத்திருந்தன. குறைந்த அளவு 2,048 பைட்டு. ஏ.வி.எக்ஸ்.-512 நிலைக்கே 2,696 பைட்டு வேண்டும். தொட்டியின் கொள்ளளவை மீறி நீர் ஊற்றினாற்போல, அடுக்கின் எல்லையைத் தாண்டி எழுதப்படும். அடுத்திருந்த தரவு அழியும். 2021இல் லினக்சு 5.14 உண்மையான தேவையை ஒவ்வொரு நிரலுக்கும் தொடக்கத்திலேயே அறிவிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கிளிப்சி 2.34 நூலகம், இவ்வெண்ணை மாறிலி அல்லாத ஒன்றாக்கியது.

ஏ.எம்.எக்ஸ். வந்தபோது இதனினும் கடுமையான முடிவு எடுக்கப்பட்டது. 8,192 பைட்டு ஓடுகளை எல்லா நிரல்களுக்கும் திறந்துவிட்டால் பழைய நிரல்களின் அடுக்கு நிரம்பி வழியும். ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் ஒதுக்கும் நினைவகமும் பெருகும். ஆகவே 2022 சனவரியில் வெளிவந்த லினக்சு 5.16, ஏ.எம்.எக்ஸ். வேண்டும் நிரல் கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும் என விதித்தது. ஒப்புதல் பெற்ற நிரல் முதன்முறை ஓட்டைத் தொடும்போது செயலி விதிவிலக்கை எழுப்பும். அப்போதுதான் பெரிய சேமிப்பிடம் ஒதுக்கப்படும். செயலியின் பதிவகம் ஒன்றைப் பயன்படுத்த நிரல் அனுமதி கேட்கும் நிலை எக்ஸ்86 லினக்சில் இதுவே முதன்முறை.

மெய்நிகர் இயந்திரத்தில்

இதுவரை மேற்பார்வையாளர் ஒருவரே. மெய்நிகர் இயந்திரத்தில் மேற்பார்வையாளர் இருவர். விருந்து இயங்குதளம் தன் நிரல்களுக்கிடையே பதிவகங்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கும். அவ்விருந்தையே ஒரு நிரலாகக் கருதி, வேறு விருந்துகளோடு கைமாற்றிக்கொண்டிருக்கும் புரவல் இயங்குதளம். விருந்து, செயலி முழுவதும் தன்னுடையது என்றே எண்ணும். அவ்வெண்ணம் குலையாமல் காப்பதே புரவலின் கடமை.

விருந்து, செயலியின் வசதிகளைச் சி.பி.யூ.ஐ.டி. வழியாகக் கேட்கும்போது விடை சொல்வது செயலியன்று, கே.வி.எம். போன்ற மேலாண்மை மென்பொருளே. அது வேண்டியவற்றை மட்டும் சொல்லி ஏனையவற்றை மறைக்கும். விருந்து எக்ஸ்.சி.ஆர்.0 பதிவகத்தில் எழுத முயன்றால், இன்டெல் செயலியில் கட்டுப்பாடு தவறாமல் புரவலுக்கு வரும். அனுமதித்த தொகுதிகளைத்தான் கேட்கிறதா எனப் பார்த்தபின்பே புரவல் அதனை ஏற்கும். விருந்து ஓடும்போது விருந்தின் எக்ஸ்.சி.ஆர்.0 மதிப்பும், புரவல் ஓடும்போது புரவலின் மதிப்பும் செயலியில் இருக்க வேண்டும். இதில் தவறினால் விருந்தின் ஒரு தொகுதி சேமிக்கப்படாமலே போகும்.

சிக்கல் முற்றுவது, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை ஒரு வழங்கியிலிருந்து வேறொன்றிற்கு இடம்பெயர்க்கும்போதுதான். நினைவகம், வட்டு ஆகியவற்றோடு, அக்கணத்தில் பதிவகங்களில் இருந்த ஒவ்வொரு பிட்டும் வலையத்தின் வழியே மறுபக்கம் சென்று சேர வேண்டும். புதிய வழங்கியில் ஏ.வி.எக்ஸ்.-512 இல்லையென்றால் அப்பதிவகங்களின் உள்ளடக்கத்தை வைப்பதற்கு இடமே இல்லை. விருந்தோ வசதி உண்டு எனக் கேட்டறிந்து பல நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் இரவோடிரவாக ஓர் அறையை இடித்துவிட்டாற்போன்ற நிலை. ஆகவேதான் பெரிய தரவு மையங்களில் வழங்கிக் கூட்டத்தின் மிகப் பழைய செயலிக்கு ஏற்றவாறு எல்லா விருந்துகளுக்கும் வசதியைக் குறைத்துக் காட்டுகின்றனர். புதிய செயலியை விலைகொடுத்து வாங்கியவர், மெய்நிகர் இயந்திரத்தில் அதன் விரைவு கிட்டவில்லையே என வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடம்பெயர்ப்புக்கான பதிவக நிலையைக் கே.வி.எம். வெளியே தரும் வாயிலின் அளவு 4,096 பைட்டு என நிலைத்திருந்தது. ஏ.வி.எக்ஸ்.-512 வரை அது தாராளம். 11,008 பைட்டு அதில் புகுமா? அதனை நேரே அகலப்படுத்தினால் பழைய மென்பொருள்கள் கெடும். எனவே 2022இல் வந்த லினக்சு 5.17, அளவைக் கேட்டறிந்து பயன்படுத்தும் இரண்டாவது வாயில் ஒன்றைத் திறந்தது; அதனைப் பயன்படுத்தும் கியூ.இ.எம்.யூ. 7.0 அதே ஆண்டு ஏப்பிரலில் வெளியாயிற்று. விருந்துக்கு ஏ.எம்.எக்ஸ். தரவேண்டுமாயின், மெய்நிகர் செயலியை உருவாக்குமுன்னரே கியூ.இ.எம்.யூ. அதற்கென ஒப்புதல் பெறவேண்டும் என்பதும் விதி.

குடியிருந்தவர் போன அறை

இறுதியாக, சேமிப்புப் பரப்பின் ஒரு மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.பி.எக்ஸ். என்னும் நீட்சி, நிரல் தன் நினைவக எல்லையை மீறாமல் காக்கும் என இன்டெல் கொண்டுவந்தது. எதிர்பார்த்த பயன் தரவில்லை. லினக்சு 2020இல் வந்த 5.6 பதிப்பில் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஆனால் எக்ஸ்சேவ் பரப்பில் 960ஆம் பைட்டிலிருந்து அதற்கு ஒதுக்கிய 128 பைட்டு இடம் அப்படியே கிடந்தது. பின்வந்த தொகுதிகள் எல்லாம் அதனைத் தாண்டியே வைக்கப்பட்டிருந்ததால் இடத்தைச் சுருக்க இயலாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளில் எம்.பி.எக்ஸ். இருந்ததே இல்லை, அவை அவ்விடத்தை விடாமல் அடுக்கியதால், அதே ஏ.வி.எக்ஸ்.-512 நிலை அங்கே 2,440 பைட்டில் முடிகிறது. இன்டெலின் அடுக்குமுறையே எங்கும் உள்ளது எனக் கொண்டிருந்த பிழைத்திருத்திக் கருவிகள் ஏ.எம்.டி. செயலியில் தவறான இடத்தைப் படித்தன. செயலியைக் கேட்டறியாமையின் விளைவே இதுவும்.

2023 சூலையில் இன்டெல் அறிவித்த ஏ.பி.எக்ஸ். என்னும் நீட்சி, பொதுப் பதிவகங்களை 16இலிருந்து 32 ஆக்குகிறது. புதிய 16க்கும் தலா 8 பைட்டு. வேண்டியது 128 பைட்டு. எம்.பி.எக்ஸ். விட்டுச் சென்ற அந்த 960ஆம் பைட்டு இடத்தையே அவற்றுக்கு ஒதுக்கியுள்ளனர்.